லைட் பீரிலிருந்து நல்ல பீருக்கு: நாக்கு எப்படிப் பழகும்?

கரையோரம்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. இங்கே கேட்டால்தான் நேர்மையான பதில் கிடைக்கும் என்று தோன்றியது.

பீர் குடிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு லைட் பீர்தான். பட் லைட், கூர்ஸ் லைட், மில்லர் லைட், எது வந்தாலும் சரி, சில்லென்று இருந்தால் போதும். இப்போது நண்பர்கள் எல்லோரும் ஐபிஏ என்ற கசப்பு பீர், ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் என்று போய்விட்டார்கள். அவர்கள் ஊற்றிக் கொடுத்த ஐபிஏ எனக்கு இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. அடிநாக்கில் கசப்பு அப்படியே உட்கார்ந்துகொண்டது. ஆனால் கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது வந்த வாசனை ரொம்பப் பிடித்திருந்தது. ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் ஒரு வாசனை வருமே, அந்த மாதிரி. முகர்ந்து பார்க்கப் பிடிக்கிறது, குடிக்கத்தான் முடியவில்லை. இதற்கு நாக்கைப் பழக்க வழி இருக்கிறதா? இல்லை, நமக்கு லைட் பீர்தான் என்று விட்டுவிட வேண்டியதா?

கசப்புவிரும்பி:

விட்டுவிடாதீர்கள் சகோ. வாசனை பிடித்துவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது.

ஹாப்ஸ் என்ற கொடியின் பூ தரும் கசப்பை ஐபியு என்ற அளவில் சொல்வார்கள். அமெரிக்க லைட் லாகர், அதாவது நீங்கள் குடிக்கும் ரகம், 10ஐ ஒட்டி நிற்கும். செக் நாட்டுப் பில்ஸ்னர் 30 முதல் 45 வரை போகும். அமெரிக்க ஐபிஏ 40 முதல் 70 வரை. நீங்கள் 10இலிருந்து ஒரே தாவில் 60க்குப் போயிருக்கிறீர்கள். நாக்கு முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்?

லைட் பீரைப் பற்றி என் கருத்தை மறைக்கப் போவதில்லை. அதில் ருசிக்க ஒன்றும் இல்லை. பெரிய கம்பெனிகள் ஹாப்ஸைக் குறைத்துக் குறைத்து, பீர் என்றாலே இந்தச் சப்பென்ற ருசிதான் என்று ஒரு தலைமுறையையே நம்பவைத்துவிட்டன. அதுதான் எனக்குத் தீராத ஆற்றாமை.

மால்ட்மூட்டை:

ருசிக்க ஒன்றும் இல்லை என்பது சரி. ஆனால் அது கவனக்குறைவால் வந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன். அந்த வெறுமையை வரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததால் சொல்கிறேன்.

முதலில் சோளம், அரிசி விஷயம். அமெரிக்க பீரில் பார்லியோடு அவற்றை மலிவுக்காகக் கலந்தார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போன ஜெர்மானியர்களுக்கு அங்கே கிடைத்தது ஆறு வரிசைப் பார்லி. அதில் புரதம் அதிகம், பீர் கலங்கலாகிவிடும். சோளமும் அரிசியும் சேர்த்தால் புரதத்தின் பங்கு குறைந்து பீர் தெளியும். 1876இல் வந்த பட்வைசரில் அரிசி இருந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது.

லைட் பீர் அதற்கு அப்புறம் ரொம்பக் காலம் கழித்து வந்தது. சாதாரண பீரில் ஈஸ்ட்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் மிச்சம் நிற்கும். பீர் வாயில் கனமாக உட்காருவதற்கு அவை முக்கியக் காரணம். 1960களில் ரைங்கோல்ட் கம்பெனியில் இருந்த வேதியியலாளர் ஜோசப் ஓவேட்ஸ், ஒரு நொதியைச் சேர்த்து அந்தச் சங்கிலிகளை உடைத்தார். உடைந்ததை ஈஸ்ட் முழுக்கத் தின்றுவிடும். மிச்சம் நிற்க ஒன்றும் இருக்காது. 1967இல் அதை 'கேப்ளிங்கர்ஸ்' என்ற பெயரில் டயட் பீராக விற்றார்கள், போணியாகவில்லை. அதே வழியில் மைஸ்டர் பிராவ் என்ற கம்பெனி ஒரு லைட் பீர் போட்டது. 1972இல் மில்லர் அந்தப் பெயர்களை வாங்கி, ருசியைச் சரிசெய்து, 1975இல் நாடு முழுக்க இறக்கியது. டயட் என்ற பேச்சையே விட்டுவிட்டு, 'ருசி அதிகம், வயிறு முட்டாது' என்று விளையாட்டு வீரர்களை வைத்து விளம்பரம் செய்தார்கள். 1978இல் கூர்ஸ் லைட், 1982இல் பட் லைட். 2001இல் பட் லைட் தன் தாய்ப் பீரான பட்வைசரையே முந்தி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

கலோரிக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 355 மி.லி. மில்லர் லைட்டில் 96 கலோரி, ஆல்கஹால் 4.2%. அந்த ஆல்கஹால் மட்டுமே ஏறக்குறைய 82 கலோரி கொடுத்துவிடும். பாக்கி இருப்பது 3.2 கிராம் மாவுச்சத்து, அது 13 கலோரி. அவ்வளவுதான். சாதாரண பட்வைசரில் ஆல்கஹால் 5%, 145 கலோரி. குறைத்ததில் பெரும் பங்கு மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி), அதாவது ருசி. மப்பு தரும் சரக்கு அதிகம் குறையவில்லை.

இனி கஷ்டத்துக்கு வருகிறேன். ஐபிஏவில் சின்னக் குறை இருந்தால் ஹாப்ஸ் மூடிவிடும். ஸ்டவுட்டில் வறுத்த பார்லி மூடிவிடும். லைட் லாகரில் மூடுவதற்கு எதுவும் கிடையாது. நொதித்தலில் வெப்பநிலை கொஞ்சம் பிசகினாலும் பச்சை ஆப்பிள் வாடையோ வெண்ணெய் வாடையோ எட்டிப் பார்க்கும். வெவ்வேறு ஊர் ஆலைகளில், வெவ்வேறு தண்ணீரில் காய்ச்சி, எந்தக் கேனைத் திறந்தாலும் ஒரே ருசி வரவைக்கிறார்கள். அந்தக் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். அதைக் குடிக்க எனக்கு ஆசை வருவதில்லை என்பது வேறு விஷயம்.

வெயில்காலம்:

எல்லாம் சரி. ஆனால் நாக்கை எதற்குப் பழக்க வேண்டும்? புல் வெட்டி முடித்து வியர்வையோடு உட்காரும்போது எனக்கு வேண்டியது ஐஸ் மாதிரி ஒரு பீர். முகர்ந்து பார்த்து, யோசித்துக் குடிக்க அந்த நேரத்தில் தோன்றாது. கலோரியும் கம்மி. லைட் பீர் குடிப்பவருக்கு ருசி தெரியாது என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அவரவர் விருப்பம் என்று ஒன்று இருக்கிறது, இல்லையா?

பழையபீப்பாய்:

வெயில்காலம் தம்பி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தாகத்துக்குக் குடிப்பது ஒரு தேவை. அதற்கு லைட் பீர் பொருத்தம்தான், அதில் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் கரையோரம் கேட்டது வேறு. அவருக்கு ஒரு வாசனை பிடித்திருக்கிறது, அதை நோக்கிப் போக வழி கேட்கிறார். அதற்கு 'அவரவர் விருப்பம்' என்று சொன்னால் கதவைச் சாத்துவது மாதிரி ஆகிவிடும்.

கரையோரம், ஐபிஏவை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். நல்ல பீர் என்றால் கசப்பு ஏறியது, மப்பு ஏறியது, கறுத்துப் போனது என்று ஒரு எண்ணம் பரவிவிட்டது. லைட் பீர் குடித்தவரை நேராக அங்கே தள்ளிவிடுகிறார்கள், அவரும் பயந்து திரும்பிவிடுகிறார். நீங்கள் இப்போது குடிப்பதும் ஒரு லாகர். அதே குடும்பத்தின் மூத்தவரிடம் போங்கள். அதுதான் பில்ஸ்னர்.

இன்றைய செக் நாட்டில் இருக்கும் போஹீமியாவில் பில்சன் என்ற ஊர். 1838இல் அங்கே கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகர மண்டபத்துக்கு முன்னால் கொட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். வெளிர் மால்ட், ஸாட்ஸ் ஊர்ப் பக்கத்து ஹாப்ஸ், உப்புச்சத்து இல்லாத மென்மையான தண்ணீர், குளிரில் அடியில் வேலை செய்யும் லாகர் ஈஸ்ட். 1842 அக்டோபர் 5ஆம் தேதி அவர் முதல் காய்ச்சலைப் போட்டார். உலகம் முழுக்க விற்கும் பொன்னிற லாகர்கள் எல்லாம், உங்கள் பட் லைட் உட்பட, அந்தப் பீரின் வழிவந்தவை. அந்த ஆலையின் பில்ஸ்னர் உர்குவெல் இன்றும் கிடைக்கிறது. ஆல்கஹால் 4.4%தான். லைட் பீருக்கும் இதற்கும் மப்பில் பெரிய வித்தியாசமே இல்லை, ருசியில்தான் அவ்வளவு தூரம்.

குடிக்கும் முறையைச் சொல்கிறேன், இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பாட்டிலிலிருந்தோ கேனிலிருந்தோ நேராகக் குடிக்காதீர்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும் பங்கு மூக்கின் வேலை. வாய் குறுகின பாட்டிலில் மூக்குக்கு வழியே இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில நிமிடம் வெளியே வைத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கிளாஸில் ஊற்றுங்கள். கிளாஸின் உள்சுவரில் அங்கங்கே குமிழ் ஒட்டி நின்றால் கிளாஸ் சுத்தமாக இல்லை என்று அர்த்தம். நுரை எழும்படி தாராளமாக ஊற்றி, இரண்டு விரல் கனத்துக்கு நுரை நிற்கட்டும். முதல் மடக்கில் நுரைதான் உதட்டில் படும், அது க்ரீம் மாதிரி இருக்கும், அதிலேயே ஹாப்ஸின் பச்சிலை வாசம் ஏறும். அடுத்து மால்ட் வரும். சூடான ரொட்டியின் மேல்தோலில் ஒரு மெல்லிய இனிப்பு இருக்குமே, அது. நாக்கு அந்த இனிப்பைப் பிடித்துக்கொள்ளும்போதே பின்னாலிருந்து கசப்பு வந்து அதைத் துடைத்துவிடும். வாய் காலியானதும் இன்னொரு மடக்கு கேட்கும். கசப்பின் வேலை அதுதான். மால்ட்டோடு சேர்ந்து வரும்போது கசப்பு தனியாக உறுத்தாது.

அதே நேரத்தில் ஒரு லைட் பீரையும் இன்னொரு கிளாஸில் ஊற்றி வையுங்கள். சில்லென்று இருக்கும்போது இரண்டும் அவ்வளவு தூரமாகத் தெரியாது, ஏனென்றால் குளிர் நாக்கை மரத்துப்போக வைக்கும். கால் மணி நேரம் விடுங்கள். பில்ஸ்னர் விரிந்துகொடுக்கும். லைட் பீரில் வேகவைத்த சோள வாடையும் லேசான தித்திப்பும் தவிர ஒன்றும் இருக்காது. 'ஐஸ் போலக் குளிர்ந்தது' என்று ஏன் அவ்வளவு விளம்பரம் என்பது அப்போது புரியும். இந்த ஒரு ஒப்பீடே போதும்.

அந்தக் கசப்பும் கொஞ்சம் அதிகம் என்று பட்டால் மியூனிக் ஹெல்லஸ் எடுங்கள். பில்ஸ்னர் ஊரெல்லாம் பேர்வாங்கியதைப் பார்த்து ஸ்பாட்டன் ஆலை 1894இல் கொண்டுவந்தது. அதில் மால்ட் முன்னால் நிற்கும், கசப்பு பின்னால் போய்விடும். லைட் பீரிலிருந்து வருகிறவருக்கு இதைவிட நல்ல முதல் படி எனக்குத் தெரியவில்லை.

கரையோரம்:

பீப்பாய் அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை, நன்றி. ஹெல்லஸ், பில்ஸ்னர் இரண்டையும் தேடிப் பிடிக்கிறேன். அதற்குள் ஒரு கேள்வி. கறுப்பு பீர் என்றால் கனமாக இருக்கும், ஒரு கிளாஸ் குடித்தாலே சாப்பாடு மாதிரி வயிறு நிறைந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஸ்டவுட் எல்லாம் கடைசியில்தான் தொட வேண்டுமா?

நுரைத்தலை:

நிறத்தைப் பார்த்துக் கனத்தை முடிவுசெய்யாதீர்கள். கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2%. உங்கள் லைட் பீரும் அதே 4.2%. 355 மி.லி.க்குக் கின்னஸ் 125 கலோரி, சாதாரண பட்வைசரைவிடக் குறைவு! கறுப்பு நிறம் வறுத்த பார்லியால் வருவது. அந்தப் பட்டு மாதிரி வழவழப்பு நைட்ரஜன் வாயுவால் வருவது. கார்பன் டை ஆக்சைடைவிட நைட்ரஜனின் குமிழ் ரொம்பப் பொடி, அதனால் நாக்கில் சுருக்கென்று குத்தாது. பால் சேர்க்காத காபி உங்களுக்குப் பிடிக்கும் என்றால் முதல் கிளாஸிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எல்லா ஸ்டவுட்டும் இப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இம்பீரியல் ஸ்டவுட் என்று லேபிளில் இருந்தால் 8 சதவீதத்துக்கு மேல், சில 12ஐயும் தாண்டும். அதை நான்கு பேர் பகிர்ந்து குடிப்பதுதான் நல்லது.

கசப்புவிரும்பி:

பழையபீப்பாய் சொன்ன வரிசை எனக்கும் சம்மதம். ஆனால் ஐபிஏவை ஓரமாக வைக்கச் சொன்னதில் மனம் ஒப்பவில்லை. கரையோரத்துக்குப் பிடித்த அந்த ஆரஞ்சுத் தோல் வாசனை பில்ஸ்னரில் வராது. அது அமெரிக்க ஹாப்ஸின் சொத்து.

இந்த ஹாப்ஸ் வந்த கதையும் கேட்கத் தகுந்ததுதான். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் பீர் ஆலைகள் நூறைக்கூடத் தொடவில்லை. பெரிய கம்பெனிகள் சின்னவர்களை விழுங்கி முடித்திருந்தன. 1965இலேயே ஃப்ரிட்ஸ் மேடாக், மூடப்போன ஆங்கர் ஆலையைக் காப்பாற்றியிருந்தார். 1976இல் ஜாக் மெக்காலிஃப், நியூ ஆல்பியன் என்ற சின்ன ஆலையைப் பழைய பால்பண்ணைப் பாத்திரங்களை வைத்தே தொடங்கினார். சில வருடத்தில் அது மூடிவிட்டது, ஆனால் பார்த்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு மத்திய அரசின் தடையை நீக்கியது. வீட்டுச் சமையலறையில் கற்றவர்கள்தான் அப்புறம் ஆலை தொடங்கினார்கள். சியரா நெவாடா ஆலை 1980இல் பேல் ஏல் என்ற, ஐபிஏவைவிடக் கசப்பு குறைந்த பீரைக் காய்ச்சியது. அதில் போட்ட காஸ்கேட் ஹாப்ஸ் 1972இல்தான் வெளிவந்திருந்தது. உங்கள் மூக்கில் ஏறிய வாசனைக்கு அதுதான் மூத்த தலைமுறை. இன்று அங்கே ஆலைகள் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. இந்தக் கூட்டம் பிறந்ததே லைட் பீர் போதாது என்ற தாபத்தில்தான்.

அதனால் என் யோசனை, ஹெல்லஸ், பில்ஸ்னர் முடிந்ததும் பேல் ஏல். ஐபிஏவின் வாசனை கிடைக்கும், கசப்பு பில்ஸ்னர் அளவிலேயே நிற்கும். அது பழகினபின் ஐபிஏ தானாக இறங்கும்.

மால்ட்மூட்டை:

பேல் ஏல் யோசனை அருமை. முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

கசப்பைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கசப்பைக் கண்டு நாக்கு சுளிப்பது உடம்பின் தற்காப்பு. செடிகளில் இருக்கும் விஷங்கள் பெரும்பாலும் கசக்கும், அதனால் மனித நாக்கில் கசப்புக்கென்று மட்டும் இருபத்தைந்து வகை உணர்விகள் இருக்கின்றன. எல்லோருக்கும் அவை ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. ஒருவருக்கு லேசாகத் தெரியும் கசப்பு இன்னொருவருக்குச் சகிக்காது, அது பிறவியிலேயே வருவது. ஆனால் குடித்த பிறகு ஒரு கெடுதலும் வரவில்லை, கூடவே நல்ல வாசனையும் வந்தது என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் மூளை எதிர்ப்பைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பிடிக்காத பீரை மல்லுக்கட்டிக் காலி செய்யாதீர்கள். அது வெறுப்பைத்தான் வளர்க்கும். கொஞ்சம் குடித்துவிட்டு வைத்துவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம்.

கசப்புவிரும்பியிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஹாப்ஸ் புரட்சி நல்லது செய்தது, மறுக்கவில்லை. நடுவில் யார் ஐபியு அதிகம் போடுகிறார்கள் என்று போட்டி கிளம்பி, 100 என்று லேபிளில் அச்சடித்து விற்றார்கள். சமநிலை போய்விட்டது. லைட் பீரில் மால்ட்டும் இல்லை ஹாப்ஸும் இல்லை என்றால், அந்தப் பீர்களில் ஹாப்ஸைத் தவிர எதுவும் தெரியவில்லை. எனக்கு இரண்டுமே ஒரே அளவு சலிப்பு. 3.5 சதவீதத்தில் இங்கிலாந்தில் காய்ச்சும் மைல்டு ஏல் இருக்கிறதே, லைட் பீரைவிட ஆல்கஹால் குறைவு, ருசியோ கொட்டைப் பருப்பு, கருகிய சர்க்கரை என்று அடுக்கடுக்காக வரும். நல்ல பீருக்கு அடையாளம் கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

கசப்புவிரும்பி:

100 ஐபியு போட்டியைப் பற்றிச் சொன்னது நியாயம். அந்த மாதிரி பீர்களை நானும் இப்போது வாங்குவதில்லை.

நுரைத்தலை:

ஒரு முக்கியமான விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். கரையோரம் தேடிப் பிடிக்கும் முதல் பில்ஸ்னர் கெட்டுப்போனதாக இருந்தால் இத்தனை பேச்சும் வீண்.

வெளிச்சம் பீருக்கு எமன். ஹாப்ஸின் கசப்புப் பொருள்மேல் ஒளி பட்டால் அது உடைந்து ஒரு கந்தகச் சேர்மம் உருவாகும். ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தின் அதே ரகம். வெயிலில் வைத்தால் சில நிமிடமே போதும். கடை விளக்கின் கீழே நாள் கணக்கில் நின்றாலும் வரும். பழுப்பு பாட்டில் பெரும்பாலான ஒளியைத் தடுக்கும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் ஏறக்குறைய சும்மா. கேன் முழுப் பாதுகாப்பு. கேன் என்றால் மட்டம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள், பில்ஸ்னர் கேனில் கிடைத்தால் கேனையே எடுங்கள்.

அப்புறம் தேதி. பழசானால் முதலில் ஹாப்ஸ் வாசனை போகும், பிறகு நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு ருசி வரும். தூரத்திலிருந்து கப்பலேறி வந்த பேர்பெற்ற பில்ஸ்னரைவிடப் பக்கத்து ஆலையில் போன வாரம் நிரப்பிய சாதாரண லாகர் பல நேரம் ஜெயித்துவிடும்.

வெயில்காலம்:

இது உண்மையிலேயே புதுத் தகவல். பச்சை பாட்டில் லாகரில் வரும் அந்த வாடையை அதன் இயல்பான ருசி என்றே இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். சரி, வியர்வை காயும்வரை லைட் பீர், காய்ந்தபின் ஒரு கிளாஸ் ஹெல்லஸ். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கரையோரம்:

ஹெல்லஸ், பில்ஸ்னர் இரண்டும் குடித்துப் பார்த்துவிட்டேன். பில்ஸ்னர் கேன்தான் வாங்கினேன், தேதி பார்த்து. அண்ணா சொன்னபடி லைட் பீரையும் பக்கத்தில் வைத்தேன்.

ஹெல்லஸ் உடனே பிடித்துவிட்டது, அதில் சொல்ல அதிகம் இல்லை. பில்ஸ்னரில் முதல் சில மடக்கு 'ம்ம், கசக்கிறது' என்றுதான் இருந்தது. பாதிக் கிளாஸ் இறங்கினபின் அந்தக் கசப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன். இனிப்பு முடியும் இடத்தில் அது வரவில்லை என்றால் ஏதோ குறைகிற மாதிரி. லைட் பீர் பக்கத்தில் அப்படியே நின்றது, திரும்ப எடுக்கத் தோன்றவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். ஒரே உட்காரலில் வழக்கமாகக் குடிக்கிற அளவு போகவில்லை, நிதானமாகக் குடித்து அதிலேயே திருப்தியாகிவிட்டது.

பேல் ஏலுக்குப் போகும் முன்னால் ஒன்று. கடையில் கோதுமை பீர் என்று ஹெஃபெவைஸன் பார்த்தேன். கலங்கலாக, பாட்டிலின் அடியில் வண்டல் மாதிரி படிந்திருந்தது. கெட்டுப்போனதோ என்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது அப்படித்தான் இருக்குமா?

பழையபீப்பாய்:

அப்படித்தான் இருக்கும் தம்பி, போய் எடுத்து வாருங்கள். ஹெஃபெ என்றாலே ஈஸ்ட், அடியில் படிந்திருப்பதும் ஈஸ்ட்தான். வாழைப்பழமும் கிராம்பும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். ரெண்டையும் யாரும் போடுவதில்லை, அந்த வகை ஈஸ்ட்டே உண்டாக்குகிறது. கசப்பு உங்கள் லைட் பீரின் அளவுக்குத்தான் இருக்கும், அதனால் பயமில்லாமல் குடிக்கலாம்.

உயரமான கிளாஸ் எடுத்து, முதலில் தண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நுரை பொங்கி வழியும். கிளாஸை நன்றாகச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள். பாட்டிலில் கால் பங்குக்கும் குறைவாக மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, பாட்டிலை இரண்டு மூன்று சுற்றுச் சுழற்றி, வண்டல் கலங்கியதும் அதையும் மேலே ஊற்றிவிடுங்கள். லேபிளில் 'கிறிஸ்டால்' என்று இருந்தால் அது வடிகட்டியது, அதில் வண்டல் இருக்காது. முதல் தடவைக்கு அது வேண்டாம், கலங்கலாக இருப்பதையே வாங்குங்கள்.